மனை வாங்க பத்திர எழுத்தர் போதுமா, வக்கீல் வேண்டுமா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிப் பக்கம் மனை வாங்கியபோது எனக்கும் இந்தக் கேள்வி வந்தது. நம் கடற்கரையில் பலரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் பத்திர எழுத்தரிடம் தாய்ப்பத்திர (சொத்தின் முந்தைய பத்திரம்) நகலைக் கொடுத்துவிட்டு, பதிவு அன்று போய்க் கையெழுத்துப் போடுவார்கள். நான் முதலில் வக்கீலிடம் போனேன். அவர் சரி என்ற பிறகுதான் பத்திரம் எழுதக் கொடுத்தேன். இப்போது யார் கேட்டாலும் அப்படியே செய்யச் சொல்கிறேன்.

செலவை நீட்டிப் பேச ஒன்றுமில்லை. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்சம் மதிப்புள்ள மனைக்கு அரசுக்கே 90,000 ரூபாய் போகிறது. அதன் பக்கத்தில் வக்கீல் பீஸ் சின்னத் தொகைதான்.

பத்திர எழுத்தரைக் குறைத்துச் சொல்லவில்லை. உரிமம் பெற்றுத் தொழில் செய்பவர். சர்வே எண், நான்கெல்லை, வழிகாட்டி மதிப்பு, எந்த இணைப்பு இல்லாவிட்டால் பத்திரம் திரும்பும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் நாம் கொடுக்கும் தாளை வைத்து எழுதுவதுதான் அவர் வேலை. கொடுக்காத தாளைத் தேடுவது அவர் பொறுப்பில்லை.

நம் ஊரில் வில்லங்கம் வருவது அந்தக் கொடுக்காத தாளில்தான், அதாவது வாரிசில். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று எந்த ஊரை எடுத்தாலும் வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ மலேசியாவிலோ இருக்கிறார். அப்பா பெயரில் பட்டா இருக்கும். அவர் இறந்த பிறகு ஊரில் இருக்கும் மகன்கள் விலை பேசுவார்கள். கட்டிக்கொடுத்த மகள்கள் பேச்சில் வரவே மாட்டார்கள். அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தில், உயில் இல்லாவிட்டால், இந்து மகளுக்கு 1956 சட்டப்படியே மகனுக்குச் சமமான பங்கு. முஸ்லிம் குடும்பத்தில் மகளுக்கு மகன் பங்கில் பாதி, மனைவிக்கு எட்டில் ஒன்று. வாரிசுகளில் ஒருவர் இறந்து, அவர் பிள்ளை மைனராக இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டியிருக்கும்.

வில்லங்கச் சான்றில் இது எதுவும் தெரியாது. பதிவான பத்திரம் மட்டும்தான் அதில் ஏறும். பதியாத உயில் ஏறாது. முஸ்லிம் ஒருவர் வாய்மொழியாகக் கொடுத்த ஹிபாவும், அதாவது தானமும், ஏறாது. அது பதிவில்லாமலே செல்லும். ஆன்லைனில் எடுத்த சான்றில் ஒன்றுமில்லை என்பதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது.

என் மனையில் வக்கீல் முதலில் கேட்டது வாரிசுச் சான்றிதழ். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இல்லாத ஒரு மகள் பெயர் அதில் இருந்தது. அந்த அக்கா மலேசியாவில் இருந்தார். பங்கை விட்டுக்கொடுக்க அவருக்கு முழுச் சம்மதம், யாரும் இதுவரை கேட்கவில்லை, அவ்வளவுதான். தனக்காக இங்கே ஒருவர் கையெழுத்துப் போட அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரத்தை அங்கிருந்து அனுப்பினார். வெளிநாட்டில் எழுதிய பவருக்கு, அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். அதை முடித்து, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிந்த பிறகுதான் கிரயம். தாமதமானது உண்மை. ஆனால் வீடு கட்டி முடித்த பிறகு அவர் பிள்ளைகள் வந்து பங்கு கேட்டிருந்தால் நான் எங்கே போவேன்?

பேங்க் லோன் போடுகிறோம், பேங்க் வக்கீல் பார்ப்பாரே என்பார்கள். அவர் பார்ப்பது பேங்கின் பணத்துக்காக. நமக்கென்று ஒருவர் தனியாகப் பார்க்கட்டும்.

அப்புறம், கடலை ஒட்டிய மனை. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி வரும். பத்திரம் பதிவாகிவிட்டது என்பதற்காக வீடு கட்ட அனுமதி கிடைத்துவிடாது. வக்கீலே இதைச் சொல்லாமல் விடலாம், நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

நான் வாங்கியவன், விற்றவனில்லை. விற்பவருக்கு வக்கீல் இவ்வளவு அவசியமா என்றால், வெளிநாட்டில் இருந்துகொண்டு பவர் கொடுத்து விற்பவருக்கு அவசியம் என்றுதான் தோன்றுகிறது. மற்றவர்களுக்கு அடித்துச் சொல்ல மாட்டேன். வாரிசு எல்லாரும் ஊரிலேயே இருந்து, அண்ணன் தங்கைக்கு எழுதிக் கொடுக்கும் தானசெட்டில்மென்ட் என்றால் நல்ல பத்திர எழுத்தரே போதும்.