மையமா, மருந்தா, மூக்கு ஸ்பிரேயா? சறுக்கும் நாளை வைத்து ஓர் ஒப்பீடு

என் தம்பி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். "தூங்கட்டும் விடு, ரெண்டு நாளா கண்ணே மூடலை" என்றார் அம்மா. நானும் கதவைச் சாத்தத்தான் போனேன். ஆனால் அது கேட்டுப் பழகிய குறட்டையாக இல்லை. தண்ணீருக்குள் ஸ்ட்ராவை விட்டு ஊதினால் வருமே, அந்த மாதிரி ஒரு களகளச் சத்தம். பிறகு நீண்ட இடைவெளி. அப்புறம் மறுபடி ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் உதடு நீலம் பாரித்திருந்தது, விரல் நகமும் அப்படியே. போதை மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்த பதினோராம் நாள் அது.

பிழைத்துக்கொண்டான். ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்துவிட்டது, அவ்வளவுதான். எங்கள் சாமர்த்தியம் அதில் ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து நான் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. 'எங்கே சேர்த்தால் முழுசாக விடுவான்?' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது ஒவ்வொரு வழியையும் 'மறுபடி தொட்டுவிட்டால், அன்றைக்கு இது அவனை உயிரோடு வைத்திருக்குமா?' என்ற கேள்வியோடு பார்க்கிறேன். ஹெராயின், வலி மாத்திரை போன்ற ஓபியாய்டு வகைகளை வைத்துத்தான் பெரும்பாலும் எழுதுகிறேன். மதுவுக்கும் மற்றவற்றுக்கும் கணக்கு கொஞ்சம் வேறு. அது வரும் இடத்தில் சொல்கிறேன்.

உள்ளே சேர்த்து நிறுத்துவது

மறுவாழ்வு மையத்துக்கு ஒரு பெரிய பலம் உண்டு. பழைய கூட்டாளிகள், பழைய தெரு, பழைய போன் எல்லாமே கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கும். நேரத்துக்குத் தூக்கம், நேரத்துக்குச் சாப்பாடு, பேச ஆள். தம்பி அங்கிருந்து வந்தபோது கன்னம் ஒட்டாமல், கண் தெளிவாக இருந்தான். நாங்கள் அதைத்தான் பார்த்தோம்.

நாங்கள் பார்க்காதது ஒன்று இருந்தது. சில வாரங்கள் போதைப்பொருள் இல்லாமல் இருந்தால், உடம்பு அதைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். கைக்குப் பழைய அளவுதான் தெரியும். முன்பு சாதாரணமாகத் தாங்கிய அதே அளவு இப்போது மூச்சை நிறுத்தப் போதும். சிறையிலிருந்து வெளிவருபவர்களிடம் இதைத் தெளிவாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றி 2007-ல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு வாரங்களில் ஓவர்டோஸால் இறக்கும் அபாயம் பொதுமக்களைவிட 129 மடங்கு இருந்தது. மறுவாழ்வு மையம் சிறை இல்லைதான். ஆனால் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அதனால் மையத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் சேர்க்கும்போது கட்டில், ஜன்னல், கட்டணத்தோடு இன்னும் மூன்றைக் கேட்டுவிடுங்கள். மருந்து கொடுப்பார்களா, இல்லை 'மன உறுதி போதும்' என்பார்களா? அனுப்பும்போது கையில் நலாக்ஸோன், அதாவது ஓவர்டோஸில் நின்ற மூச்சை மீட்கும் மூக்கு ஸ்பிரே, கொடுத்து அனுப்புவார்களா? வீட்டுக்குப் போன முதல் வாரம் யார் கூப்பிட்டு விசாரிப்பார்கள்? நாங்கள் சேர்த்த இடத்தில் மூன்றுக்கும் பதில் இல்லை. சான்றிதழ் மட்டும் லேமினேட் செய்து கொடுத்தார்கள்.

குடிக்கு இன்னொரு எச்சரிக்கை. நாள்தோறும் நிறையக் குடிப்பவரையும், தூக்க மாத்திரைக்குப் பழகியவரையும் 'ஓர் அறையில் பூட்டிவைத்தால் சரியாகிவிடும்' என்று திடீரென நிறுத்தவைப்பது உயிருக்கே ஆபத்து. வலிப்பு வரலாம், புத்தி பேதலித்து ஜன்னி கண்டு இறக்கவும் கூடும். அங்கே மருத்துவர் அவசியம்.

மருந்தோடு இருப்பது

இந்த இடத்தில்தான் வீட்டுச் சண்டை வரும். 'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?' என் சித்தப்பா இதைச் சொல்லாத நாளில்லை. ரொம்ப காலம் நானும் தலையாட்டினேன்.

மெத்தடோன் புதிய மருந்து அல்ல. 1930-களின் இறுதியில் ஜெர்மனியில் உருவானது. ஹெராயின் பழக்கத்துக்குச் சிகிச்சையாக அதைப் பயன்படுத்தி, நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நிஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் 1965-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஹெராயின் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்கியதும் உடம்பு முறுக்கும், மூக்கு ஒழுகும், அடுத்த ஊசிக்கு ஓட வேண்டும். மெத்தடோனை ஒருநாளைக்கு ஒரு தடவை விழுங்கினால் அந்த ஏற்ற இறக்கம் அடங்கிவிடும். அளவு சரியாக இருந்தால் மயக்கமும் இல்லை, முறுக்கலும் இல்லை. காலையில் வேலைக்குப் போகலாம். சித்தப்பாவின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: உடம்பு ஒரு மருந்தைச் சார்ந்திருப்பதும், வாழ்க்கை முழுக்க ஒரு பொருளைத் துரத்துவதும் ஒன்றல்ல.

2017-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மெத்தடோன் எடுத்துக்கொண்டிருக்கும் 1000 பேரில் ஓர் ஆண்டில் சுமார் 11 பேர் இறந்தார்கள். சிகிச்சையை விட்டு வெளியே இருந்தவர்களில் சுமார் 36 பேர். காரணம் எதுவானாலும் சேர்த்த கணக்கு இது. இந்த வித்தியாசத்தைக் காட்டும் வேறு எந்த வழியையும் நான் பார்க்கவில்லை. மெத்தடோனையும், அதே மாதிரி முறுக்கலை அடக்கும் பியூப்ரெனார்பின் என்ற மருந்தையும் உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது.

இரண்டில் எது? மெத்தடோன் வலுவானது, விட்டுப் போகிறவர்கள் குறைவு. ஆனால் ஆரம்ப வாரங்களில் அளவு தவறினால் அதுவே ஆளைக் கொல்லும். பெரும்பாலும் தினமும் போய் ஆள் முன்னால் குடித்துவிட்டு வர வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தால் பூட்டி வைக்க வேண்டும், ஒரு குழந்தைக்கு ஒரு வாய் போதும். பியூப்ரெனார்பின் ஒரு மட்டத்துக்கு மேல் வேலை செய்யாது, அதனால் மூச்சை அடக்கும் ஆபத்து குறைவு. ஆனால் ஹெராயின் உடம்பில் மிச்சமிருக்கும்போதே முதல் மாத்திரையை வைத்தால் திடீரென எல்லா முறுக்கலும் ஒரேயடியாக வந்துவிடும். அப்படி ஒருமுறை பட்டவர் திரும்பி அந்த மருந்தைத் தொட யோசிப்பார்.

தம்பி இப்போது எடுப்பது பியூப்ரெனார்பின்தான். நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிட வேண்டும், விழுங்கினால் வீண். அந்தப் பத்து நிமிஷம் பேசவும் முடியாது. காலையில் அவனிடம் ஏதாவது கேட்டால் விரலைத் தூக்கிக் காட்டுவான், இரு என்று. எங்கள் வீட்டில் அந்தப் பத்து நிமிஷம்தான் யாரும் யாரையும் திட்டாத நேரம்.

மூன்றாவது நால்ட்ரெக்ஸோன். போதையே ஏறாமல் தடுத்துவிடும், இதில் சார்பு கிடையாது. சித்தப்பாவுக்குப் பிடித்த மருந்து. சிக்கல் என்னவென்றால், ஆரம்பிக்கவே ஒரு வாரம் பத்து நாள் முழுசாக நிறுத்தியிருக்க வேண்டும். 2017-ல் இதன் மாத ஊசியையும் பியூப்ரெனார்பினையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். ஆரம்பித்துவிட்டவர்களுக்குப் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நால்ட்ரெக்ஸோன் பிரிவில் 28 சதவீதம் பேரால் முதல் ஊசியையே போட்டுக்கொள்ள முடியவில்லை, மற்றதில் அது 6 சதவீதம். சறுக்கும் நாள் என்ற என் கேள்வியை வைத்தால் இன்னொன்றும் தெரியும். மெத்தடோனிலோ பியூப்ரெனார்பினிலோ இருப்பவரின் உடம்பில் தாங்கும் சக்தி மிச்சம் இருக்கும். நால்ட்ரெக்ஸோனை நிறுத்திவிட்டுப் பழைய அளவைத் தொட்டால், மையத்திலிருந்து வந்த தம்பியின் பதினோராம் நாள்தான்.

மருந்து எத்தனை நாள்? 'ஆறு மாதத்தில் நிறுத்திவிடலாம்' என்று யாராவது அவசரப்படுத்தினால், நிறுத்திய முதல் நான்கு வாரங்களில் இறப்பு எகிறுகிறது என்பதையும், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அந்த 2017 கணக்கே சொல்கிறது என்று காட்டுங்கள்.

விடாதவருக்கு என்ன?

மேலே சொன்ன இரண்டும் 'விட வேண்டும்' என்று வந்தவருக்கு. வராதவர்தான் அதிகம். அவருக்குச் சுத்தமான ஊசி, நலாக்ஸோன், சோதனைத் தாள், கண்காணிப்பில் ஊசி போட்டுக்கொள்ளும் அறை. இதைத் தீங்கு குறைப்பு என்கிறார்கள். 'கொடுத்துக் கெடுப்பதா?' என்பது எதிர்க்கேள்வி.

இதை முதலில் கேட்டதே பயன்படுத்துபவர்கள்தான். ஆம்ஸ்டர்டாமில் 1984-ல், மஞ்சள் காமாலை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஊசியால் பரவிக்கொண்டிருந்தபோது, அவர்களுடைய சங்கமே ஊசி மாற்றித் தரும் வேலையைத் தொடங்கியது. 1986-ல் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கண்காணிப்பு அறை வந்தது. 2003-ல் கனடாவின் வான்கூவரில் இன்சைட் என்ற அதே மாதிரி அறை திறந்தது. அதைச் சுற்றி 500 மீட்டருக்குள் ஓவர்டோஸ் சாவு 35 சதவீதம் குறைந்தது, நகரின் மற்ற பகுதிகளில் 9 சதவீதம்தான் என்று 2011-ல் கணக்கு வந்தது.

இதன் குறையும் சொல்ல வேண்டும். ஊசி தருபவர் வேலை வாங்கித் தரமாட்டார், கடனை அடைக்கமாட்டார். சோதனைத் தாள் ஃபென்டனில் என்ற கடும் ஓபியாய்டு கலந்திருக்கிறதா என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. பொடியின் ஓர் ஓரத்தில் இல்லாதது மறு ஓரத்தில் இருக்கலாம். ஃபென்டனில் ஹெராயினைவிட 50 மடங்கு வரை வலுவானது என்பதால் அந்த மறு ஓரமே போதும். ஆனால் தினமும் ஊசி வாங்க வருபவர் ஒருநாள் 'அந்த மருந்து எங்கே கிடைக்கும்?' என்று கேட்பதும் அந்த மேஜையில்தான். வேறு எங்கும் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

நலாக்ஸோனுக்கு எதிராக எனக்கு ஒரு வாதமும் கிடைக்கவில்லை. அன்று இரவு அது எங்கள் வீட்டில் இல்லை. இருந்திருந்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: உதவிக்கு அழைத்துவிட்டு, ஒரு மூக்குத் துவாரத்தில் ஸ்பிரேயை முழுசாக அழுத்த வேண்டும். மூச்சு வராவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். இரண்டு மூன்று நிமிஷத்தில் அசையாவிட்டால் அடுத்த ஸ்பிரே. மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஏனென்றால் இதன் வேலை 30 முதல் 90 நிமிஷம்தான், அதற்குப் பிறகு மூச்சு மறுபடி அடங்கலாம். எழுந்தவர் நன்றி சொல்லமாட்டார், முறுக்கலில் திட்டுவார். மதுவுக்கும் தூக்க மாத்திரைக்கும் இது வேலை செய்யாது. தவறிக் கொடுத்தாலும் கெடுதல் இல்லை.

கூட்டமும் குடும்பமும்

1935-ல் அமெரிக்காவின் அக்ரானில் தொடங்கிய, குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. கூட்டங்களையும் மருந்தையும் எதிரிகளாகவே பலர் பார்க்கிறார்கள். சில கூட்டங்களில் மெத்தடோன் எடுப்பவரை 'நீ இன்னும் விடவில்லை' என்று ஒதுக்குவதும் நடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த மெத்தடோன் மருத்துவர் டோல், ஏ.ஏ.-வின் நிர்வாகக் குழுவில் குடிப்பழக்கம் இல்லாத உறுப்பினராக இருந்தவர். குடிப்பழக்கத்துக்கும் மெத்தடோன் மாதிரி ஏதாவது கண்டுபிடிக்க முடியாதா என்று ஏ.ஏ. நிறுவனர் பில் வில்சன் தன்னிடம் கேட்டதாக அவரே எழுதியிருக்கிறார். நிறுவியவருக்கு இல்லாத பிடிவாதம் பின்னால் வந்தவர்களுக்கு.

குடியை முழுசாக விடுவதற்கு ஏ.ஏ. வழி மற்றச் சிகிச்சைகளுக்குச் சளைத்ததல்ல, சிலவற்றைவிட மேல் என்று 2020-ல் வந்த, பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்ட காக்ரேன் தொகுப்பு சொல்கிறது. காசு வாங்குவதில்லை, இரவு பத்து மணிக்குப் போன் எடுக்க ஓர் ஆள் இருப்பார். ஓபியாய்டுக்கு இதை மட்டும் நம்பி மருந்தை விடுவது என்றால் நான் சம்மதிக்கமாட்டேன்.

குடும்பத்துக்கு வருவோம். 1999-ல் ஓர் ஆய்வு மூன்று வழிகளை நேராக மோதவிட்டது. சிகிச்சைக்கு வரமாட்டேன் என்ற குடிகாரர்களின் வீட்டாரை மூன்றாகப் பிரித்தார்கள். குடிப்பவர்களின் வீட்டாருக்கான கூட்டமான அல்-அனான் வழியில் போனவர்களின் ஆள் சிகிச்சைக்கு வந்தது 13 சதவீதம். எல்லோரும் கூடி உட்கார்ந்து 'இனி முடியாது' என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் முறையில் 30. கிராஃப்ட் என்ற பயிற்சியில் 64. நடுவில் உள்ள முறையில் பெரும்பாலான குடும்பங்கள் அந்தச் சந்திப்பையே நடத்தவில்லை. தைரியம் வரவில்லை.

கிராஃப்ட் கற்றுத்தருவது சின்னச் சின்ன விஷயங்கள்தான். அவன் தெளிவாக இருக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள், சிரியுங்கள். ஏற்றிக்கொண்டு வந்தால் சண்டை போடாமல் எழுந்து வேறு அறைக்குப் போங்கள். விடுப்புக் கடிதம் எழுதித் தராதீர்கள். சிகிச்சை பற்றிய பேச்சை அவனே நொந்துபோயிருக்கும் காலையில் எடுங்கள், இரவில் வேண்டாம். கை ஓங்குகிற வீடாக இருந்தால் முதலில் உங்கள் பாதுகாப்பு.

ஆனால் 13 என்ற எண்ணை வைத்து அல்-அனானை ஒதுக்கிவிடாதீர்கள். ஆளைச் சிகிச்சைக்கு இழுத்துவருவது அதன் வேலையே இல்லை. வீட்டாரின் மனச்சுமை மூன்று பிரிவிலும் ஒரே மாதிரிதான் குறைந்தது என்று அதே ஆய்வு சொல்கிறது. அம்மா அப்படி ஒரு கூட்டத்துக்குப் போய்வந்த முதல் நாள் என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "நான் ஒண்ணும் பேசலை. அங்கேயும் ஒரு அம்மா பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்னு எண்ணுவாங்களாம்" என்றார். அவரும் எண்ணுவார் என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. போர்ச்சுகல் 2001-ல் பத்து நாள் பயன்பாட்டுக்குள் உள்ள அளவு வைத்திருப்பதைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்தது. கூடவே சிகிச்சைக்குப் பணம் போட்டது, பிடிபட்டவரைப் பேச அழைக்கும் குழுக்களை வைத்தது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் 2021-ல் குற்ற வழக்குக்குப் பதில் 100 டாலர் அபராதச் சீட்டைக் கையில் கொடுத்தது. சிகிச்சை இடங்கள் தயாராகும் முன்பே சீட்டு வந்துவிட்டது. 2024 செப்டம்பரில் மறுபடி குற்றமாக்கிவிட்டார்கள். இரண்டையும் ஒரே சோதனை என்று பேசுவது சரியல்ல.

எங்கள் வீட்டில் இப்போது மருந்து முதலில், கூட்டம் வாரம் ஒருமுறை, மையம் தேவைப்பட்டால் மட்டும். நலாக்ஸோன் எப்போதும். அந்த ஸ்பிரே பெட்டி அம்மாவின் கண்ணாடி உறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாதம் ஒருமுறை காலாவதித் தேதியைப் படித்துப் பார்த்துவிட்டு வைப்பார். அவர் இல்லாதபோது தம்பியும் எடுத்துப் பார்க்கிறான்.