விஸ்காம் மூன்று வருடமும் ஒரே 50 எம்.எம். லென்ஸ்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) சேருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த கேமரா வாங்கலாம்?" என்றுதான். கேமரா எதுவாக இருந்தாலும் சரி, கூடவே ஒரு 50 எம்.எம். எஃப்1.8 லென்ஸ் வாங்குங்கள் என்பேன். எஃப் எண் வெளிச்சம் நுழையும் துவாரத்தைச் சொல்வது, எண் குறைந்தால் துவாரம் பெரிது. சீனியர் ஒருவரிடம் பழையதாக வாங்கிய லென்ஸை வைத்துத்தான் நான் படிப்பு முழுவதையும் ஓட்டினேன். பெரிய கம்பெனிகள் பெரும்பாலானவற்றில் இந்த வகை இருக்கிறது, அதனால் பிராண்ட் சண்டை வேண்டாம்.

இதில் ஜூம் கிடையாது. கற்றுக்கொள்கிறவருக்கு அதுதான் லாபம். கேமராவோடு வரும் 18-55 ஜூம் லென்ஸ் கையில் இருந்தால், நின்ற இடத்திலேயே வளையத்தைத் திருகி மிட் ஷாட், க்ளோசப் எல்லாம் எடுத்துவிடலாம். 50 எம்.எம்.மில் க்ளோசப் வேண்டுமென்றால் கேமராவைத் தூக்கிக்கொண்டு நடந்தே ஆக வேண்டும். அப்படி நடக்கும்போதுதான் பின்னணி மாறுவது கண்ணில் படும். இரண்டு பேர் பேசும் காட்சியில் அவர்களுக்கு இடையே இருக்கும் கற்பனைக் கோடான 180 டிகிரி கோட்டைத் தாண்டிவிட்டோமா என்ற கேள்வியும் அப்போதுதான் வரும்.

ஃபோகஸ் பழக இதைவிடக் கண்டிப்பான வாத்தியார் இல்லை. 35 எம்.எம். ஃபிலிமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் எஃப்1.8 வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் ஆளை உட்கார வைத்தால், தெளிவாகத் தெரியும் ஆழம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. மூக்கு நுனியில் ஃபோகஸ் விழுந்தால் கண் போச்சு. நடிப்பவர் வசனம் பேசும்போது லேசாக முன்னால் சாய்ந்தாலே அந்த டேக் வீண். அதனால் பேச்சுக் காட்சிக்குத் துவாரத்தைக் குறைத்து எஃப்4 வைத்தால் போதும், தெளிவாகத் தெரியும் ஆழம் கூடும். பின்னணியை மொத்தமாகக் கரைத்துவிட்டால் கதை எங்கே நடக்கிறது என்றே தெரியாது, ஆனால் முதல் வருடத்தில் இதை யாரும் கேட்க மாட்டார்கள்!

வெளிச்சக் கணக்கும் இதில்தான் புரிந்தது. வினாடிக்கு 25 ஃபிரேம் வீடியோவுக்கு ஷட்டர் 1/50 வினாடி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ட்யூப் லைட்டின் கீழேயும் இந்த ஷட்டரில் ஃபிளிக்கர் (வெளிச்சம் துடிக்கும்) தொல்லை வராது. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100 வைத்தாலும் அதே ஷட்டருக்கு எஃப்22 வரை மூட வேண்டியிருக்கும். வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடலாம், மலிவானது முகத்தின் நிறத்தை மாற்றிவிடலாம். காசில்லாத நாட்களில் நாங்கள் ஐந்து மணிக்கு மேல் ஷூட் வைத்துக்கொண்டோம்.

குறை என்றால் இடம்தான். ஏபிஎஸ்-சி கேமராவில் இது 35 எம்.எம். ஃபிலிமில் கிட்டத்தட்ட 80 எம்.எம். லென்ஸ் காட்டும் அளவு குறுகலாகத்தான் காட்டும். நிற்கும் ஆளைத் தலை முதல் கால் வரை அடக்க ஏழு மீட்டராவது பின்னால் போக வேண்டும். ஹாஸ்டல் ரூமில் ஏது ஏழு மீட்டர்? வராண்டாவில் கேமராவை வைத்துக் கதவு வழியாக எடுத்த ஷாட்கள் நிறைய. என்னுடைய லென்ஸில் ஸ்டெபிலைசேஷனும் இல்லை, கையில் பிடித்து எடுத்தால் ஆட்டம் அப்படியே தெரியும். ட்ரைபாட் கட்டாயம். அப்புறம், உடம்பு பிளாஸ்டிக். கடைசி வருடத்தில் ஃபோகஸ் வளையம் கொஞ்சம் லொடலொடத்தது, கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

கல்யாணம், கல்லூரி விழா என்று எடுப்பவர்கள் 18-55-ஐ விற்றுவிடாதீர்கள், கூட்டத்துக்குள் 50 எம்.எம். உதவாது. பழையது வாங்கினால் மொபைல் டார்ச்சைப் பின்பக்கமாக அடித்து முன்னால் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.