பழம் முந்துகிறதா, புளிப்பு முந்துகிறதா: மண்டபம் கரையில் மூன்று பீர்கள்

கப்பலில் வேலை பார்க்கும் மச்சான், சுங்கத்தில் அனுமதிக்கும் 2 லிட்டருக்குள் அடங்கும்படி 330 மில்லி கேன்கள் ஆறு கொண்டுவந்திருந்தார். மூன்று வகை, வகைக்கு இரண்டு: பேஷன் ஃபுரூட் சேர்த்த பிரேசில் பீர், காஜா என்ற பழம் சேர்த்த இன்னொரு பிரேசில் பீர், பழமே சேராத ஜெர்மனியின் கோஸே. மண்டபத்தில் மீனுக்கு உடைக்கும் ஐஸைத் தெர்மோகோல் பெட்டியில் போட்டுக் குளிரவைத்ததால், கேனின் வெளிப்புறத்தில் ஏறிய மீன்வாடையைத் துடைத்த பிறகே திறக்க முடிந்தது. சுவைத்தவர்கள் மூவர்: மச்சான், நான், சாயல்குடியிலிருந்து வந்திருந்த, இளமையில் பனையேறியாக இருந்த மாமா.

பிரேசில் பீர்கள் இரண்டும் கேத்தரினா சவர் என்ற புளிப்பு பீர் வகையைச் சேர்ந்தவை. ஜெர்மானியர் பெருமளவில் குடியேறிய சாந்தா கத்தரினா மாநிலத்தில் உருவான இவ்வகைக்கு, பீர் நடுவர்களின் வகைப்பட்டியலில் 2018இல்தான் இடம் கிடைத்தது. முளைகட்டி உலர்த்திய தானியத்தை ஊறவைத்து வடித்த மால்ட் நீரில் லாக்டோபேசிலஸ் பாக்டீரியாவைவிட்டு ஓரிரு நாள் வெதுவெதுப்பாக வைத்துப் புளிக்கச் செய்து, பிறகு கொதிக்கவைத்துப் பாக்டீரியாவை அழித்து, ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவிட்டு, புதுப்பழத்தை அதில் கலக்கிறார்கள். நம் வீட்டு நீராகாரத்தைப் புளிக்கவைப்பதும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களே என்பதால், பீரில் புளிப்பா என்று முகம் சுளிக்க நமக்கு அதிக நியாயம் இல்லை.

பேஷன் ஃபுரூட் பீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றியதும் அறை முழுவதும் மணந்தது. கொடைக்கானல் சாலையோரத்தில் இப்பழத்தை வெட்டித் தின்றவர்களுக்கு அந்த வாசனை உடனே பிடிபடும். குறையும் அங்கேதான் தொடங்குகிறது. பழமே புளிப்பானது, பீரும் புளிப்பானது, நாக்கில் படும் புளிப்பு எதனுடையது என்று பிரித்தறிய வழியில்லாமல், இரண்டாவது மடக்கிலேயே அது நல்ல பழச்சாறாகிவிடுகிறது. "மாப்ளே, இதுல பழம் இருக்கு. சரக்கு எங்க?" என்றார் மாமா. கேனில் ஆல்கஹால் 4.5 சதவீதம் என்று அச்சிட்டிருந்ததைக் காட்டியபோதும் அவர் நம்பவில்லை.

காஜா வேறு விதம். இலங்கைத் தமிழர் அம்பரலங்காய் என்று சொல்லும் காய்க்கு இது நெருங்கிய உறவு. மஞ்சள் நிறம், சதை கொஞ்சம், கொட்டை பெரிது. இதன் மணம் முன்னால் வந்து நிற்பதில்லை. முதலில் தயிர்த்தெளிவைப் போன்ற மென்மையான புளிப்பு வருகிறது. விழுங்கிய பிறகு, மாங்காயின் காம்பைக் கிள்ளும்போது எழும் பால்வாடையும் லேசான துவர்ப்பும் நாக்கின் ஓரங்களில் தங்குகின்றன. மாமா டம்ளரை வெளிச்சத்தில் பிடித்து, நுரை அதற்குள் அடங்கிவிட்டதைப் பார்த்து, "காலையில இறக்கி உச்சிவெயில் வரைக்கும் வச்ச கள்ளு இப்படித்தான் நிக்கும்" என்றார். தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை என்பதால், இந்த ஒப்பீடு அவருடைய பழைய நினைவிலிருந்து வந்தது. ஆனால் பொருத்தமானது. கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் தானே நொதித்துக் கள்ளாகி, நேரம் ஏற ஏறப் புளிக்கிறது. அந்தப் புளிப்பில் பனையின் வாசனை பின்னால்தான் தெரியும். காஜாவிலும் அந்த வரிசை மாறவில்லை.

கோஸே பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கோஸ்லார் நகரில் தோன்றி லைப்சிக்கில் பெயர் பெற்ற இந்தக் கோதுமை பீரில் உப்பும் மல்லி விதையும் சேர்கின்றன. வாலிநோக்கத்து உப்பளக் காற்றில் வளர்ந்த எனக்கு அந்த உப்பு சற்றும் அந்நியமாக இல்லை. வெயிலில் நடந்து வந்தவுடன் குடிக்க மூன்றில் இதுவே முதல். ஆனால் பழ பீர்களோடு வைத்து மதிப்பிடும்போது மெலிந்து தெரிகிறது.

உண்மையான சோதனை வறுத்த நெத்திலியோடு நடந்தது. மீனிலும் உப்பு, பீரிலும் உப்பு என்று ஆனதால் கோஸே முதலிலேயே பின்வாங்கியது. மிளகாய்த்தூள் நாக்கில் ஏறியதும் பேஷன் ஃபுரூட் வெறும் இனிப்பாகக் குறைந்தது. காஜா மட்டும் எண்ணெயை அறுத்து வாயைச் சுத்தமாக்கி, அடுத்த கைப்பிடியைக் கேட்கவைத்தது. குளிர் குறையக் குறைய பேஷன் ஃபுரூட் சிரப் போலக் கனத்துப்போக, காஜாவில் அந்தத் துவர்ப்பு இன்னும் தெளிவானது. பத்து நிமிடத்தில் எதுவும் வெதுவெதுப்பாகிவிடும் இந்தக் கரையில் இது சிறிய விஷயமல்ல.

எனவே வாங்குவதென்றால் நான் காஜாவைத்தான் வாங்குவேன். பீரே பிடிக்காதவருக்கு ஊற்றிக்கொடுக்கப் பேஷன் ஃபுரூட் போதும். மச்சான் என் முடிவை ஏற்கவில்லை, அவருக்குக் கோஸேதான். மறுநாள் காலை பெட்டியில் ஐஸ் உருகிய தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தவை இரண்டு பேஷன் ஃபுரூட்டில் ஒன்றும், கோஸே ஒன்றும். காஜாவின் இரண்டாவது கேனை மாமா இரவே முடித்திருந்தார்.