நானோட்யூபுக்கு இந்த ராமன் மெஷின்: அஞ்சு வருஷம் ஓட்டிப் பாத்தாச்சு

போன வாரம்தான் எங்க ராமன் மெஷின்ல (சாம்பிள் மேல லேசர் அடிச்சு, சிதறி வர்ற வெளிச்சத்துலேர்ந்து அணுக்களோட அதிர்வ பாக்குற கருவி) சிவப்பு லேசர் ட்யூப் மாத்துனாங்க. அத கேள்விப்பட்டு வேற காலேஜ்ல பிஎச்டி பண்ற தம்பி ஒருத்தர் "அண்ணா, நாங்களும் இதே மாடல் பாக்குறோம், வாங்கலாமா"ன்னு கேட்டார், அதான் எழுதுறேன்.

மொதல்ல நல்லது. 532 (பச்சை), 633 (சிவப்பு) நானோமீட்டர் ரெண்டு லேசர்லயும் கார்பன் நானோட்யூபோட G பீக் (கார்பன் அணுக்கள் ஒண்ணுக்கொண்ணு இழுத்து அதிர்றதுல வர்றது) அவ்ளோ சுத்தமா வரும். செமிகண்டக்டிங் ட்யூபா இருந்தா 1590 வேவ்நம்பர் (cm⁻¹, பீக் இடத்த சொல்ற அளவு) பக்கத்துல ஒல்லியா ஊசி மாதிரி நிக்கும், மெட்டாலிக் கலந்திருந்தா அதோட இடது பக்கம் சரிஞ்சு அகலமா ஒரு தோள் வரும். ஒரு நானோமீட்டர் குழாய்ல எலக்ட்ரான் எப்படி ஓடுதுன்னு அந்தத் தோள பாத்தே சொல்லலாம், இன்னிக்கும் அத பாக்கும்போது எனக்கு சிலிர்க்குது.

ஆனா இந்த டிரிஃப்ட் (பீக் காட்டுற இடம் தானா நகர்றது) இருக்கே, தாங்கல. காலைல நகம் சைஸ் சிலிக்கான் துண்ட வச்சு அதோட பீக்க 520.5-க்கு செட் பண்ணுவேன், மதியம் ரூம் சூடேறுனதும் அதே துண்டு 522 காட்டும். வேற சாம்பிளுக்கு 1.5 வேவ்நம்பர் பெரிய விஷயமே இல்ல. நானோட்யூபுக்கு அப்படி விட முடியாது, RBM பீக்க (குழாய் மொத்தமா விரிஞ்சு சுருங்குற அதிர்வு) வச்சுதான விட்டமே கணக்கு போடுறோம். ட்யூப் எப்படி சுருட்டியிருக்குன்னு (n,m)னு ரெண்டு எண்ல சொல்லுவோம்; (8,5)-க்கும் (7,6)-க்கும் RBM வித்தியாசம் சுமார் ரெண்டுதான், ஆனா n-லேர்ந்து m கழிச்சா மொதல்து 3, மூணால வகுபடுறதால மெட்டாலிக், அடுத்தது 1, செமிகண்டக்டர். பச்சை லேசர்ல ஒரு பீக், சிவப்புல பக்கத்துலயே ஒரு பீக்னு வந்தா ரெண்டும் ஒரே ட்யூபா வேற வேறயான்னு முடிவு பண்ண அந்த ரெண்டு வேவ்நம்பர்தான் இருக்கு, அதுல முக்காவாசிய மெஷினே தின்னுடுது. ஒவ்வொரு சாம்பிளுக்கும் முன்னயும் பின்னயும் சிலிக்கான் போட்டு போட்டு என் நாள்ல பாதி போச்சு, சர்வீஸ்ல கேட்டா "ஸ்பெக்குக்குள்ள தான் சார் இருக்கு"ன்னு ஒரே பதில்.

நியாயமா சொன்னா லேசர் பவர் அதிகமா வச்சாலும் ட்யூப் சூடாகி G பீக் கீழ எறங்கும், அது மெஷின் தப்பில்ல, ஃபில்டர் போட்டு ஒரு சதவீதத்துல எடுங்க.

இவ்ளோ நல்ல ஸ்பெக்ட்ரம் குடுத்தும், தம்பி, வாங்காதீங்க. வாங்கியே ஆகணும்னா ஏசி ராத்திரி பகலா ஓடுற ரூம் கெடைச்சப்புறம் ஆர்டர் போடுங்க.