அண்டா வாடகைக்கு நல்ல கடை, ஒரு குறையோடு

ஞாயிறுதோறும் எங்கள் குழு நெல்லை ஜங்ஷன் பக்கம் வீடில்லாமல் படுத்திருப்பவர்களுக்குச் சமைத்துக் கொண்டுபோகிறது. அண்டா, அடுப்பு எல்லாம் டவுனில் ஒரு பாத்திரக் கடையில் வாடகைக்கு எடுப்பதுதான். தாராளமாக நம்பலாம். அண்டா விளிம்பின் மடிப்பில் விரலை விட்டுத் துடைத்தாலும் பழைய எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டாது. "நேரமாச்சுன்னா கழுவாமக் கொண்டாங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்பார் கடைக்கார அண்ணாச்சி. பெரிய மனசு.

சூடு தாங்கும் பெட்டிதான் சரியில்லை. சமைத்த சோறு 60 டிகிரிக்குக் கீழே ஆறி மணிக்கணக்கில் கிடந்தால் கிருமி பெருகும். மூடி ரப்பர் தளர்ந்திருப்பதால், சாம்பார் சூடு தாங்கினாலும் சோறு ஆறிவிடுகிறது. பல்லில்லாத பெரியவர்களுக்கென்று குழைய வடித்தது கட்டியாகிப் போகிறது. அந்த ரப்பரை மட்டும் மாற்றிக் கொடுங்கள், அண்ணாச்சி.