மலை ஏரியில் விசைப்படகு: புரொப்பெல்லரை மாற்றுவதா, எஞ்சினை உயர்த்துவதா?

கடலோரத்தில் சீறிப் பாய்ந்த படகு பைக்காரா ஏரியில் முக்கி முனகினால் எஞ்சினைத் திட்ட வேண்டாம். சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ (காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் கருவி) இல்லாத எஞ்சினின் வலுவும் கிட்டத்தட்ட அதே அளவு இறங்கிவிடும். (ஊட்டி ஏரியின் மிதிபடகில் இந்தத் தொல்லை இல்லை, அங்கே மூச்சு வாங்குவது மிதிப்பவருக்கு.)

என் ஓட்டு முதலில் பிட்ச் குறைந்த புரொப்பெல்லருக்கே. வழுக்கல் இல்லாவிட்டால் ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரம்தான் பிட்ச். ஓர் அங்குலம் குறைத்தால் எஞ்சினுக்குச் சுமை குறைந்து நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்றுகள் கூடும். 21 அங்குலத்துக்குப் பதில் 19 பூட்டினால், ஆள் நிறைந்த படகும் சட்டென்று நீர்மேல் எழும். முழு விசையில், தயாரிப்பாளர் குறித்த சுற்றெல்லைக்குள் எஞ்சின் நிற்க வேண்டும். சமவெளிக்கு இறங்கும்போது பழையதை மறக்காமல் மாட்டுங்கள். இல்லையேல் எஞ்சின் எல்லை மீறிச் சுற்றும்.

எஞ்சினை உயர்த்துவது, அதாவது படகின் பின்பக்கம் அதைச் சற்று மேலே ஏற்றி மாட்டுவது, வேறு கதை. நீருக்குள் இருக்கும் பாகம் குறைவதால் இழுவை குறைந்து உச்ச வேகம் கூடும். ஆனால் இழந்த வலு திரும்பாது. கிளம்பும் வேகமும் மட்டுப்படலாம். அளவு மீறினால் திருப்பங்களில் புரொப்பெல்லர் காற்றை இழுத்து வெறுமனே சுழலும், குளிர்விக்கும் நீரும் ஏறாது. கால் அங்குலமாக உயர்த்தி, ஒவ்வொரு முறையும் நீரழுத்த மானியைப் பாருங்கள். நான்கு இலைப் புரொப்பெல்லர் இருந்தால் பிடி சற்று நிற்கும்.