அடிக்கட்டையை எடுக்க எது தோது: சங்கிலியா, பேக்ஹோவா, கிரைண்டரா?

மினி டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைப் பார்த்ததும் முதலில் தோன்றுவது, சங்கிலியைக் கட்டி இழுத்துவிடலாம் என்பதுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முக்கால் அடி விட்டத்தில் ஒரு கட்டை. லோ கியரில் போட்டு மெல்ல நகர்ந்தேன். சங்கிலி விறைத்தது. பின்சக்கரங்கள் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றி ஆளுக்கொரு குழி பறித்தன. இறங்கிப் போய்ப் பார்த்தால், சங்கிலி பட்ட இடத்தில் பட்டை உரிந்திருந்தது. அன்றைக்கு நடந்த வேலை அவ்வளவுதான்.

இதில் வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மினி டிராக்டரின் எடை ஏறக்குறைய ஒரு டன். சில வண்டிகள் அதற்கும் குறைவு. எஞ்சின் எத்தனை ஹெச்பி என்றாலும் டயர் மண்ணைப் பிடிக்கிற அளவுக்குத்தான் இழுவை. இளகிய மண்ணில் வண்டி எடையில் பாதியளவு இழுவை கிடைத்தாலே பெரிய விஷயம். டயரில் தண்ணீர் நிரப்பினால் கொஞ்சம் கூடும். எதிரில் இருப்பதோ நாலா பக்கமும் மண்ணைக் கவ்விக்கொண்டிருக்கும் வேர்கள். அதனால் எந்தக் கருவியைப் பார்த்தாலும் இப்போது நான் கேட்பது ஒன்றுதான்: இது வேரை அறுக்குமா, இல்லை கட்டையோடு மல்லுக்கட்டுமா?

சங்கிலி மல்லுக்கட்டுகிற ரகம். புதர், கைப்பருமன் கன்று, ஏற்கெனவே வேர் அறுபட்ட கட்டை, இவற்றுக்குச் சரி. அதற்கு மேல் ஆபத்து. கட்டை அசையாமல் நிற்க, சக்கரமும் வழுக்காமல் மண்ணைப் பிடித்துக்கொண்டால், பின் அச்சைச் சுற்றி வண்டியே முன்பக்கம் தூக்கும். முழுதாகக் கவிழ ஒன்றரை விநாடி போதும். கிளட்சை மிதிக்க வேண்டும் என்று மூளைக்கு எட்டுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சங்கிலியை வண்டியின் பின்னால் தாழ்வாக இருக்கும் டிராபாரில், அதாவது இழுவைக் கம்பியில் மட்டும்தான் மாட்ட வேண்டும். கருவியை மேலே பிடிக்கும் கம்பியான டாப் லிங்க்கிலோ அச்சிலோ மாட்டினால் கவிழ்வதற்கு நாமே வழி செய்து கொடுத்தது மாதிரி. வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் சட்டமான ரோல்பார் நிமிர்ந்திருக்க வேண்டும், பெல்ட் போட்டிருக்க வேண்டும். நைலான் கயிறு வேண்டவே வேண்டாம். ரப்பர் மாதிரி நீண்டு, அறுந்தால் சாட்டையாகத் திரும்பி வரும். ஓடிவந்து வெடுக்கென்று இழுப்பதும் கூடாது.

சங்கிலியிலேயே கொஞ்சம் புத்திசாலித்தனமான முறை ஒன்று உண்டு. பழைய சக்கரம் ஒன்றைக் கட்டைக்கு ஒட்டி நிமிர்த்தி வைத்து, சங்கிலியை அதன் மேலே ஏற்றிக் கொண்டுவந்து தள்ளி நிற்கும் வண்டியில் மாட்டினால், பக்கவாட்டு இழுவை மேல்நோக்கித் திரும்பிவிடும். சிறு கட்டைகள் பல் பிடுங்குவது போல வந்துவிடும்.

அடுத்தது உளிக்கலப்பை. ஒற்றைக் கொழு வைத்தது, ஒன்றரை அடி ஆழம் வரை போகும். கட்டையைப் பிடித்து நிறுத்துகிற பக்கவேர்களில் பெரும்பாலானவை மேல் இரண்டு அடிக்குள்ளேதான் இருக்கும். கட்டையைச் சுற்றிச் சதுரம் போடுகிற மாதிரி நான்கு பக்கமும் நேர்கோட்டில் இழுத்தால் வேர்கள் ஒவ்வொன்றாக அறும். ஒவ்வொரு வேரும் அறும்போது உட்கார்ந்திருக்கும் சீட்டில் ‘டக்’கென்று ஓர் அதிர்வு தெரியும். கொழு மண்ணுக்குள் இருக்கும்போது திரும்பக் கூடாது, வளைந்துவிடும். மணிக்கட்டை விடப் பருத்த வேர் வந்தால் வண்டி நின்றுவிடும். நிறுத்திவிட்டு, மண்ணைப் பறித்துக் கோடாரியால் வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். நான் முதலில் தோற்ற அந்த முக்கால் அடிக் கட்டை இப்படி நான்கு இழுப்புக்கு அப்புறம் அதே சங்கிலிக்கு வந்துவிட்டது. தென்னை மாதிரியான மரங்களுக்கு ஆணிவேர் கிடையாது, விரல் பருமனில் ஏராளமான வேர்கள்தான். அவற்றுக்கும் இதுவே தோது.

ஆனால் ஒரு அடிக்கு மேல் விட்டமும் ஆணிவேரும் இருந்தால் பேக்ஹோதான். ஊரில் எல்லோரும் ஜேசிபி என்றே சொல்கிற அந்தத் தோண்டும் கையின் குட்டி வடிவம். மரம் இன்னும் வெட்டப்படவில்லை என்றால் தரைமட்டத்துக்கு அறுத்துவிடாதீர்கள். மூன்று நான்கு அடி உயரம் விட்டு வெட்டினால் அந்தத் துண்டே நெம்புகோல் ஆகும். ஒரு அடி அகலமுள்ள குறுகிய பக்கெட் போதும், அகலமான பக்கெட்டுக்கு வேரை அறுக்கும் விசை வராது. சுற்றிலும் பள்ளம் பறித்து, பல்லை வேருக்கு அடியில் கொடுத்து, பக்கெட்டைச் சுருட்டி இழுக்க வேண்டும். பலர் செய்கிற தவறு, கையைப் பக்கவாட்டில் வீசிக் கட்டையை இடிப்பது. அந்த ஸ்விங் மண்ணை ஒதுக்கிக் கொட்டுவதற்காக வைத்தது, முட்டித் தள்ளுவதற்கு இல்லை. வாங்குவதாக இருந்தால் வண்டியின் அடிச்சட்டத்தோடு சேரும் சப்ஃபிரேம் உள்ளதாகப் பாருங்கள். கருவி மாட்டும் மூன்று கைகளான வெறும் த்ரீ பாயிண்ட்டில் தொங்கும் பேக்ஹோ, கட்டை கொடுக்கும் எதிர்விசையை வண்டியின் பின்கூட்டிலேயே இறக்கும். கூடு விரிசல் விட்டால் செலவு பெரிது.

பேக்ஹோவின் குறை, வேலை முடிந்த பிறகுதான் தெரியும். மண் கட்டியோடு வெளியே வந்த கட்டை, வண்டியின் முன்னால் பக்கெட்டோடு இருக்கும் தூக்கும் கைகளான முன் லோடரால் தூக்க முடியாத கனம் இருக்கும். தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்துவிட்டால் பாதி பாரம் இறங்கும். அப்புறம் ஆளை விழுங்குகிற குழி ஒன்று மிச்சம். அதை அடுக்கடுக்காக நிரப்பி மிதித்து, தரைக்கு மேல் அரை அடி மேடாக விட வேண்டும். இல்லாவிட்டால் முதல் மழையிலேயே குட்டையாகிவிடும்.

கிரைண்டர் வேறு வழியில் போகிறது. அது பிடுங்குவதே இல்லை. எஞ்சின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கும் பின்தண்டான பி.டி.ஓ.வில், நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடி, கார்பைடு பற்கள் பதித்த சக்கரத்தால் கட்டையைச் சீவிச் சீவித் தரைக்குக் கீழே முக்கால் அடி, ஒரு அடி வரை தூளாக்கிவிடும். பெரிய குழி இல்லை, சுற்றி இருக்கும் தரையும் கெடாது. சுவர், நடைபாதை, குழாய் பக்கத்தில் இருக்கும் கட்டைக்கு இதை விட்டால் வேறில்லை என்பேன். ஆனால் வேர்கள் அப்படியே உள்ளே கிடக்கும். வருடங்கள் போகப் போக மக்கி, தரை உள்வாங்கும். தூளை மண்ணோடு கலந்து விட்டால், மக்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், அங்கே நட்ட செடி மஞ்சளடிக்கும். தூளை வாரிவிட்டு நல்ல மண் போடுங்கள். கல் நிறைந்த நிலமானால் பற்கள் போய்விடும், கல்லும் பறந்து வரும். யாரையும் பக்கத்தில் நிற்க விடாதீர்கள். பி.டி.ஓ. தண்டின் மேல்மூடி இல்லாமல் ஓட்டவே கூடாது. நொடிக்கு 9 சுற்று, தளர்ந்த துணியின் ஒரு முனை சிக்கினால் போதும்.

முன் லோடரால் முட்டித் தள்ளுவதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் நானாக இருந்தால் செய்யமாட்டேன். ஒரு பக்க மூலையில் பக்கெட்டைக் கொடுத்து நெம்பினால் லோடர் கைகள் முறுக்கிக்கொள்ளும். கட்டைக்கென்றே வரும் குறுகிய பக்கெட் இருந்தால், நடுவில் கொடுத்து, பின்னால் எடை கட்டிக்கொண்டு, அரை அடிக்குக் குறைந்த கட்டைகளில் முயலலாம்.

உழ வேண்டிய நிலத்தில் பத்துப் பதினைந்து கட்டைகள் என்றால் பேக்ஹோ. வீட்டை ஒட்டி ஒன்றிரண்டு என்றால் கிரைண்டரை வாடகைக்கு எடுங்கள், வாங்க வேண்டாம். சிறு கட்டைகள் சிதறிக் கிடந்தால் உளிக்கலப்பையும் சங்கிலியும் போதும், அதுவும் மழை பெய்து இரண்டு நாள் கழித்து. மண் வேரை விடுகிற பதத்தில் இருக்கும், டயரும் வழுக்காது.